காண்டா மாற்றிய அத்தை

எனக்கு யார்மேலும் சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடாது. நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற நீங்கள் எல்லோரும் இதைக் கேலி செய்து ஓய்ந்தாயிற்று. காய்கறி கொண்டு வருகிற பையன் ஓடிபி கேட்டால் பதிலுக்கு நான் அவனை இரண்டு கேள்வி கேட்கிறேன். லிஃப்டில் புது முகம் ஏறினால் அவர் எந்த மாடியை அமுக்குகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் என் மாடியை அமுக்குகிறேன். "அம்மா, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்கிறாள் மருமகள். சேர்ந்துதான் இருந்தேனடி, பத்து வயதில், ஒரு கோடை விடுமுறை முழுக்க.

அந்தக் கோடையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். மாதுங்காவில் வளர்ந்தவர்களுக்குப் பாதி தெரிந்த கதை மாதிரி இருக்கும். "ஆமாம் ஆமாம், எங்காத்துலயும் அப்படித்தான்" என்று நடுவில் எழுத ஆரம்பிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம், இரண்டாவது மாடி, இரண்டு அறை ஒரு சமையலறை. அதில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வயது இருபத்தாறு. இன்றைக்கு இருபத்தாறு என்றால் குழந்தை. அன்றைக்கு, வீட்டுக்கு வருகிறவர்கள் காபியை வாயில் வைப்பதற்கு முன்னால் "இவளுக்கு ஒண்ணும் தகையலையா?" என்று கேட்கிற வயது.

தகைந்திருந்தது. நாக்பூர் வரன். பையன் நல்ல உத்தியோகம், போட்டோவைப் பார்த்தே அவர்களுக்கு அத்தையைப் பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை, பெண் வேலைக்குப் போகக் கூடாது. அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவர் இழுத்துக்கொண்டிருந்தார். காரணம் சனிக்கிழமை.

சனிக்கிழமை அத்தைக்கு அரை நாள் ஆபீஸ். ஆனால் வீட்டுக்கு வருவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு. கேட்டால் தாதரில் ஷார்ட்ஹேண்ட் க்ளாஸ் என்பாள். அம்மா பாலக்காட்டிலிருந்து வந்தவள், கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவள். எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதோ?

"ஏன்னா, ஷார்ட்ஹேண்ட் க்ளாஸ்ல மண்ணு இருக்குமோ?" என்று ஆரம்பித்தாள் ஒரு நாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சாதத்தைப் பிசைந்துகொண்டே காதைத் தீட்டினேன்.

"என்ன மண்ணு?"

"அவ செருப்புல செம்மண்ணு ஒட்டிண்டிருக்கு. தாதர்ல ஏது செம்மண்ணு? நகத்தைப் பார்த்தேளோ? கறுப்பு."

"டைப் ரிப்பன் மையா இருக்கும்."

"மைன்னா தேய்ச்சா போகும். இது எண்ணெய்ப் பிசுக்காக்கும். இதெல்லாம் போகட்டும், ஹேண்ட்பேக்ல என்ன இருந்தது தெரியுமோ? சைக்கிள் கம்பி!"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "சைக்கிள் கம்பியா?"

"சக்கரத்துல இருக்குமே, அந்தக் கம்பி. ரெண்டு."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, டாக்டர் வியாதிக்குப் பெயர் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "சைக்கிள்காரன்."

அவ்வளவுதான். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் முகம் இல்லாத ஒரு சைக்கிள்காரன் குடியேறிவிட்டான். அப்பாவும் அம்மாவும் அவனைப் பற்றியே குசுகுசுவென்று பேசினார்கள். மாதுங்கா மார்க்கெட்டில் சைக்கிள் ரிப்பேர்க் கடையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கே உட்கார்ந்திருந்த கிழவரைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அப்பாவின் தீர்ப்பு ரொம்பத் தெளிவானது. "உண்மைன்னு தெரிஞ்சா திங்கட்கிழமையே வேலையை விடச் சொல்லிடறேன். அப்புறம் எவன் கேக்கறானோ அவனுக்குக் கட்டிக் குடுத்துட வேண்டியதுதான். இல்லேன்னு தெரிஞ்சா நாக்பூர். ஆனா மனசு தெளியாம நான் வாக்குக் குடுக்க மாட்டேன். நாளைக்கு என் தங்கை மேல ஒரு சொல் வந்தா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது? நாக்பூர்க்காராகிட்ட ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்ட காட்டணும்னு சொல்லிவை."

அந்தத் தெளிவை உண்டாக்குகிற வேலைதான் எனக்கு வந்தது. "லீவுதானே, நீயும் அத்தையோட க்ளாஸுக்குப் போய் ஒரு ஓரமா உக்காந்துண்டு வா" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொன்னாலும் கண் அத்தை மேல்தான் இருந்தது. அத்தை முகம் மாறவில்லை. "தாராளமா வரட்டும் மன்னி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்த அத்தை வீட்டிலிருந்து என்னை அழைத்துக்கொண்டு கிளம்ப, மாதுங்காவில் வண்டி ஏறினோம். நான் நினைத்த மாதிரி தாதர் பக்கம் போகிற வண்டி இல்லை அது, எதிர்ப்பக்கம் போயிற்று. குர்லாவில் இறங்கி மாறி, திலக் நகரில் இறங்கினோம். சைக்கிள்காரனைப் பார்க்கப் போகிறேன்! பயமும் ஆசையுமாக அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு" என்றாள் அத்தை, ஸ்டேஷன் படியில் நின்று. "உன்னைப் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். அம்மா கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே. சரியா?"

சரி என்றேன். என்ன பெரிய வித்தியாசம் என்று அப்போது தோன்றவில்லை.

செம்பூர் பக்கமாக நடந்து ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் போனோம். இப்போது அந்த இடத்தில் நிற்கிற கட்டடத்துக்குக் கார் நிறுத்தவே மூன்று தளம் இருக்கிறது. அன்றைக்கு முன்னால் ஒரு வராந்தா, பின்னால் தோட்டம். செம்மண் கொட்டி, கொய்யா மரம், வாழை, துணி துவைக்கிற கல். அந்த வீட்டு ஆன்ட்டி அத்தையின் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பக்கம் வேலை பார்த்தவர், தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். ஒரு விபத்தில் கால் போய், சீக்கிரமே வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள். எங்கும் ஒரு சைக்கிள்கூட இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆனால் தோட்டத்தில் ரயில் இருந்தது.

நிஜ ரயில் மாதிரியே. பித்தளைப் பட்டையை வளைத்துத் தண்டவாளம், சின்னச் சின்ன மரத்துண்டுக் கட்டைகள், நடுவில் ஜல்லி. பவுடர் டப்பாவை வெட்டிச் செய்த எஞ்சின், பிஸ்கட் டின்னில் செய்த இரண்டு பெட்டி. பாதை கொய்யா மரத்தைச் சுற்றி, வாழைக்கு அடியில் நுழைந்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வந்து இரண்டாகப் பிரியும். ஒன்று மறுபடி சுற்றப் போகும், இன்னொன்று தகரக் கொட்டகைக்குள் போய் நிற்கும். வெயிலில் சூடான பித்தளையும் கொய்யா இலையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. எத்தனையோ ஊர் போயிருக்கிறேன், அந்த வாசனை வேறெங்கும் கிடைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் வேவு பார்க்க வந்ததையே மறந்துபோனேன்.

பாதை பிரிகிற இடத்தில் கூர்மையான இரண்டு பட்டை இருக்கும். அதை நாக்கு என்பார்கள். நாக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் வண்டி சுற்றும், அந்தப் பக்கம் ஒட்டினால் கொட்டகைக்குப் போகும். ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள் பேசுகிற இந்தியில் அந்த அமைப்புக்குப் பெயர் காண்டா. மாமா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வண்டியை ஓட்டுவார், ஆனால் எழுந்து போய்க் காண்டா மாற்றுவது அவருக்குப் பெரும் பாடு.

"ஏட்டி பாப்பா, காண்டா மாத்து! மாத்து, மாத்து, வண்டி வருது பாரு!" என்று அங்கிருந்து கத்துவார். நான் ஓடிப் போய்க் கையால் நாக்கைத் தள்ளுவேன். ஒரு விநாடி பிந்தினால் எஞ்சின் செம்மண்ணில் குப்புற விழும். "போச்சுல்லா! சிக்னல் கேபின்ல இப்படி மாத்தியிருந்தா என்னைத் தூக்குல போட்டிருப்பான்" என்று சிரிப்பார்.

அத்தை அங்கே என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணில் சம்மணம் போட்டு, அந்த நாக்கைத் தானாக மாற்றுகிற ஒரு மோட்டாரைச் செய்துகொண்டிருந்தாள். மாமா நாற்காலியிலேயே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், காண்டா மாற வேண்டும். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு நாள் ஆன்ட்டியோடு சாப்பிட வந்தவள், மாமா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போய் நாக்கைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறாள். "இதுக்கு ஒரு மோட்டார் வெச்சா என்ன?" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் நடக்காது தங்கச்சி" என்று மாமா சொல்லியிருக்கிறார். அத்தையிடம் மட்டும் நடக்காது என்று சொல்லவே கூடாது.

சைக்கிள் கம்பி எதற்கு என்று அங்கேதான் தெரிந்தது. அந்தக் கம்பியின் முனையில் திருகு மரை இருக்கும், அதில் தோட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்னப் பித்தளைத் திருகாணி ஏறும். பழைய டேப் ரெக்கார்டரில் கழற்றிய மோட்டார் கம்பியைச் சுழற்றும். திருகாணியைச் சுழலவிடாமல் நாக்கோடு கட்டிவிட்டால் அது கம்பி மேல் முன்னும் பின்னும் நகரும், நாக்கையும் கூட இழுத்துக்கொண்டு போகும். கேட்க எளிதுதான். ஆனால் மோட்டாருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. நாக்கு ஒட்டிய பிறகும் சுற்றிச் சுற்றி, கம்பி இறுகி, மோட்டார் புகைந்துவிடும். முதல் மோட்டார் அப்படித்தான் போயிற்று. அத்தை அன்றைக்கு ரயிலில் புகைந்த மோட்டாரை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "டைப்ரைட்டர்ல மார்ஜின் ஸ்டாப் இருக்கோன்னோ! வரி முடியற இடத்துல பேப்பர் உருளை தானா நின்னுடும். தினம் அதுலதானே கையை வெச்சுண்டிருக்கேன், எனக்கு ஏன் தோணலை?" என்றாள். இரண்டு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடு வைத்தாள். திருகாணி வந்து முட்டினால் தகடு விலகும், கரண்ட் நிற்கும், மோட்டார் நிற்கும். நின்றது, அழகாக நின்றது. நின்றது நின்றதுதான், திரும்பி வரவில்லை! கரண்ட்தான் அறுந்துபோயிற்றே, எப்படி வரும்? மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை மண்ணிலேயே உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க அவளுக்குப் பல சனிக்கிழமைகள் ஆயின. ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுகிற டயோட் என்று ஒரு மிளகு அளவு சாமான். தகடு விலகினாலும் திரும்பிப் போகிற கரண்டுக்கு மட்டும் அது வழிவிடும்.

எனக்கு அந்த மோட்டார் மேல் ஆரம்பம் முதலே சந்தேகம். அது ஓட ஆரம்பித்தால் என் வேலை போய்விடுமே! ஒவ்வொரு தடவை அது புகைந்தபோதும் மேலுக்கு "ஐயோ பாவம்" என்றேன், உள்ளுக்குள் எனக்கு நிம்மதி.

இனி எங்கள் வீட்டு பாஷையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயம் கிடையாது. கிடையாது என்றால், வெங்காயம் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவைக்க வேண்டுமே. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். கீழே வருகிற தள்ளுவண்டிக்காரனின் மராட்டி வார்த்தையில் சொன்னால் தோஷமில்லை! அவன் காந்தா என்பான், நாக்கு பல்லில் பட. அம்மாவின் வாயில் அது அண்ணத்துக்கு ஏறி எப்போதோ காண்டா ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நானும் அப்பாவும் அப்படியேதான் சொன்னோம். சனிக்கிழமை எங்கள் வீட்டில் காண்டா என்றால் வெங்காயம், அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

இப்போது கேளுங்கள். அதுவரை அம்மா "போன இடத்துல சமத்தா இருந்தியா?" என்று மட்டும்தான் கேட்பாள், நானும் ஆமாம் என்பேன். ஒரு சனிக்கிழமை நாங்கள் திரும்பி வந்ததும் அத்தை குளிக்கப் போனாள். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாயைத் திற. ஊது."

ஊதினேன். அம்மா பின்னால் நகர்ந்தாள். "என்ன தின்னே?"

"பஜ்ஜி."

"என்ன பஜ்ஜி?"

அன்றைக்குச் சனிக்கிழமை. ஒழுங்காக வளர்ந்த பெண் நான். "காண்டா பஜ்ஜி" என்றேன்.

அம்மாவின் குரல் தணிந்தது. "அங்க அத்தை என்ன பண்ணிண்டிருந்தா?"

"காண்டா பண்ணிண்டிருந்தா."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்லையே. எல்லா சனிக்கிழமையும் அத்தை கீழே உக்காந்துண்டு காண்டா பண்ணுவா. மாமா நாற்காலியில உக்காந்துண்டு பார்த்துண்டிருப்பார்."

"எந்த மாமா?"

"செம்பூர் மாமா."

அம்மா அப்படியே அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகக் கேட்டிருந்தால் நேராகவே சொல்லியிருப்பேன். ஆனால் குழந்தைக்கு விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்று சுற்றி வளைத்தே கேட்டார்கள், பெரியவர்கள். நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், கேட்காத ரயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் மண்ணில் விளையாடப் போகக் கூடாது என்று என்னை நிறுத்திவிடுவார்களே!

அப்பாவிடம் அம்மா சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. "கேட்டேளோ, யாரோ ஒருத்தன் ஆத்துல போய் தரையில உக்காந்து வெங்காயம் நறுக்கி பஜ்ஜி போட்டுக் குடுக்கறாளாம். அவன் நாற்காலியில உக்காந்துண்டு தின்னுண்டிருக்கானாம். குடித்தனமே நடக்கறதுன்னா அங்க! அதுவும் சனிக்கிழமை! நம்மளை விடுங்கோ, பெருமாளையாவது நினைச்சாளா?" ஆத்திரத்தில் அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. போன வாரம் அத்தை கடையில் வாங்கி வந்த ரோஸ் நிற சோப்பு டப்பாவும் அப்போது சாட்சிக்கு வந்தது. "சோப்பு டப்பா எதுக்குன்னு கேட்டேன், ஆபீஸுக்குன்னா. ஆபீஸ்ல யாரு குளிக்கறா?" மோட்டார் மழையில் நனையாமல் இருக்கத்தான் அத்தை அதை வாங்கினாள். ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டது நான்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அத்தை கேட்டாள். "நேத்திக்கு மன்னி என்ன கேட்டா?"

ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஈரத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது வெங்காயம் இல்லைன்னு நான் போய் அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றேன்.

அத்தை சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணா என்ன சொன்னான்?"

"நாக்பூருக்கு இப்போ பதில் சொல்லறதுக்கில்லை, கண்ணால பார்க்காம வேலையை விடச் சொல்லறதுக்கும் இல்லைன்னார்."

"அப்படியா" என்றாள். ஒரு க்ளிப்பை எடுத்து நிதானமாகக் கொடியில் மாட்டினாள். "சொல்ல வேண்டாம். கேட்டா சொல்லு."

யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போனோம், வந்தோம். வீட்டில் அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். தட்டை நகர்த்துவதில்கூட ஒரு சத்தம் இருந்தது. அத்தையோ, அதெல்லாம் காதில் விழாத மாதிரி முணுமுணுவென்று பாடிக்கொண்டு வளைய வந்தாள். இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கே கோபம் வந்தது.

பிறகு நாக்பூரிலிருந்து கடைசி நெருக்குதல் வந்தது. இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், வேறு இடமும் வந்திருக்கிறது என்றார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டார். அத்தை கிளம்பிப் போனாள். எனக்கு லேசாக ஜுரம் என்று அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள், எனக்கே தெரியாத ஜுரம். மத்தியானம் அப்பா என் முன்னால் வந்து நின்று, முதல் தடவையாக நேராகக் கேட்டார்.

"இடம் தெரியுமா?"

"தெரியும்."

"கூட்டிண்டு போ."

முழுக்கைச் சட்டை போட்டு, கையில் குடையோடு அப்பா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா. குர்லாவில் வண்டி மாறும்போது அப்பா தனக்குத்தானே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருய்யா நீ?" என்று ஒரு தடவை உரக்கவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். அத்தைக்கு வேலை போகப் போகிறது, இனி சனிக்கிழமை கிடையாது, செம்பூர் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, முதல் மழைக்கு முந்தின புழுக்கம்.

கேட்டைத் திறந்ததும் அப்பா வராந்தா பக்கம் போகாமல், நேராகத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அத்தை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பல்லில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டு சோப்பு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்கறது இங்க?" என்றார் அப்பா.

அத்தை நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அண்ணா, அங்கயே நில்லு. ஒயரை மிதிச்சுடாதே" என்றாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"வந்ததே வந்தே, இதைப் பாரு" என்றாள் அத்தை. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "சார், வண்டியை விடுங்கோ!"

மாமா வராந்தாவிலிருந்து வண்டியை விட்டார். பவுடர் டப்பா எஞ்சின் கொய்யா மரத்தைச் சுற்றியது, வாழைக்கு அடியில் நுழைந்தது. மாமா பொத்தானை அமுக்கினார். சோப்பு டப்பாவுக்குள் கிர்ர்ர் என்று ஒரு சத்தம், பிறகு டக். நாக்கு நகர்ந்து ஒட்டியது. வண்டி கொட்டகைக்குள் போயிற்று. மாமா வண்டியைப் பின்னுக்கு எடுத்து வெளியே கொண்டு வந்து, மறுபடி அமுக்கினார். கிர்ர்ர், டக். இந்தத் தடவை வண்டி சுற்றப் போயிற்று. என் வேலை போனது அந்த நிமிஷம்தான். எனக்கு வருத்தமே வரவில்லை, கைதட்டினேன்.

அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாய்யா?" என்றார் மாமா. "நாங்க ரயில்வேல காண்டா மாத்துததுக்கு எத்தனை பேரு இருந்தோம். இந்தத் தங்கச்சி நான் நடக்காதுன்னு சொல்லச் சொல்ல மோட்டாரே வச்சிட்டா. உக்காருங்க, நிக்கிதீங்களே."

"காண்டாவா?" என்றாள் அம்மா.

"இந்தா, இந்த நாக்கு இருக்கில்லாம்மா, இதுதான் காண்டா" என்றாள், தட்டோடு வெளியே வந்த ஆன்ட்டி.

அம்மா தட்டைப் பார்த்தாள். "அப்போ அது?"

"இது வெங்காய பஜ்ஜி. நான் போட்டது. சூடா இருக்கு, எடுத்துக்கிடுங்க."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது, மூக்கு வழியாக ஒரு சத்தம். பிறகு அப்பா. குடையை ஊன்றிக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். "பொம்மை ரயில்! ஏழு கழுதை வயசாச்சு, பொம்மை ரயில் வெச்சு விளையாடிண்டிருக்கா! இவளைப் போய் நான்… சைக்கிள்காரன், வெங்காயம்… ஐயோ பகவானே!" ஆன்ட்டிக்கும் மாமாவுக்கும் எதற்கென்று தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது. சந்தோஷத்தில் அப்பா சனிக்கிழமை என்பதையும் மறந்து ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அப்பா நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த மோட்டார் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது வண்டியில் கூட்டமில்லை. நான்கு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தோம். சுனாபட்டி பக்கம் எங்கோ இடி இடித்தது. அத்தை ஹேர்பின்னால் நகத்துக்குள் இருந்த பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பேச்சு நிற்கவில்லை, வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பேசினார்.

"நாளைக்குக் காலம்பற முதல் வேலை, நாக்பூருக்கு ட்ரங்க் கால் போட்டுச் சம்மதம்னு சொல்லிடறேன். நீயும் திங்கட்கிழமையே வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துடு. என் தங்கை சொக்கத் தங்கம்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன். இப்பத்தான் என் மனசு தெளிஞ்சுது" என்றார்.

அத்தை ஹேர்பின்னைத் தலையில் செருகிக்கொண்டாள்.

"அண்ணா."

"என்னடி?"

"நீ இன்னும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டிருக்கலாம்."

அப்பா அதற்கும் சிரித்தார். தங்கைக்கு இவ்வளவு கேலி பேச வரும் என்று தனக்குத் தெரியாது என்றார். அம்மா சிரிக்கவில்லை. அத்தையை ஒரு முறை பார்த்துவிட்டு, குர்லா வருகிற வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது.